பெயர் போடாத ஜெபக் குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆபீசில் மூன்று கண்டெய்னர் மாட்டிக்கொண்டது. இன்வாய்ஸில் ஒரு தேதி, கப்பல் பேப்பரில் வேறு தேதி. "ஒரு நாள்தானே வித்தியாசம், விட்டுடுங்கக்கா" என்று ஏஜென்ட் போனில் கெஞ்சுகிறார். விடுவதா? இருபத்திரண்டு வருடமாகப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நான் பார்க்கிற வேலையே பேப்பரும் பேப்பரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ரமதான் பாசார் கடைகள் தெருவில் போட்டதிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை முழுக்க ஜாம். அதனால் ஏழு மணிக்குப் போட வேண்டிய ஜெபக் குறிப்பு ஏழரைக்குத்தான் போனது. அதற்குள் மேபல் ஆன்டி, "சிஸ்டர் ரோஸ்லின், இன்னிக்கு ஜெபம் இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டாகிவிட்டது. ஆறு வருடமாகச் சபையின் ஜெபச் சங்கிலி என் கையில் இருக்கிறது. நூற்று எண்பத்தேழு பேர். ஒரு நாள் அரை மணி தாமதமானால் கேள்வி.

இன்றைய குறிப்புகள்: மூட்டு ஆபரேஷன் இரண்டு, இன்டர்வியூ ஒன்று, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி ஒன்று. யாருக்கும் பெயர் போடவில்லை. பெயர் போடக்கூடாது என்று விதி வைத்தவளே நான்தான்.

மார்ச் 6, வியாழன்

மதியம் மேபல் ஆன்டி ஒரு வீடியோ அனுப்பினார். பார்த்தால், விஷ்ணுப்ரியா. மாலை போட்ட ஒரு படத்துக்கு முன்னால் நின்று, நெற்றியில் விபூதியோடு, சூடம் காட்டுகிறாள். படத்தில் இருப்பது அவள் அப்பாவாம். தெவசமாம், இந்த வாரம்தானாம்.

அவளுக்கு ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம். போன வருடம் ஜனவரியில் தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த பெண். இருபத்தாறு வயது. பக்கத்து ஊரான மேருவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. வீட்டில் அம்மாவும் அண்ணனும் இந்துக்கள். அவர்கள் தடுக்கவும் இல்லை, சேர்ந்து வரவும் இல்லை. சனிக்கிழமை ஞானஸ்நான வகுப்பை ஒருநாள்கூட விட்டதில்லை. நான்தான் அவளுக்கு முதல் பைபிள் கொடுத்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்ததோ என்னவோ. ஏமாற்றிவிட்டாளே என்றிருந்தது.

ஏழு மணிக்குப் போட்டது இது: "ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் ஒரு சகோதரி பின்மாற்றத்தில் விழுந்திருக்கிறார். பிசாசின் கண்ணியிலிருந்து விடுதலையாக பாரத்தோடு ஜெபிப்போம்."

பெயர் போடவில்லை. வீடியோவும் போடவில்லை. பின்மாற்றம் என்றால் பழைய வழிபாட்டுக்கே திரும்பிவிட்டாள் என்று சபையில் எல்லோருக்கும் புரியும்.

மார்ச் 7, வெள்ளி

எழுபத்தோரு ஆமென். ஆறு வருடத்தில் இத்தனை வந்ததில்லை. சபை இவ்வளவு பாரத்தோடு ஜெபிக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 8, சனி

விஷ்ணுப்ரியா வகுப்புக்கு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்கும் வரவில்லை. எல்லோரும் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது. வகுப்பில் இருப்பது மொத்தம் மூன்று பேர். தம்புசாமி அங்கிள், குரு என்கிற பையன், இவள். அதில் "ஒரு சகோதரி" என்று எழுதிவிட்டுப் பெயர் போடவில்லை என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்!

பாஸ்டர் குணசீலன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஈஸ்டர் ஞானஸ்நானத்துல அவங்கள இப்ப வெச்சுக்க வேணாம் சிஸ்டர். கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

"அவகிட்ட கேட்டீங்களா பாஸ்டர்?"

"கேட்டா சங்கடப்படுவாங்க."

அது சரி என்றுதான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஷாமினியிடம் வீடியோவைக் காட்டினேன். மகளிடமாவது புலம்பலாமே என்று. அவள் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "ம்மா, இது எப்ப எடுத்தது?"

"இந்த வாரம்."

"யாரு சொன்னா?"

மேபல் ஆன்டி சொன்னார். மேபல் ஆன்டிக்கு யாரோ அனுப்பினார்கள். ஷாமினி தன் போனில் இரண்டு நிமிடம் தேடினாள். விஷ்ணுப்ரியாவின் அண்ணன் தனேஷ், பேஸ்புக் ஞாபகப்படுத்திய பழைய பதிவைத் திரும்பப் போட்டிருக்கிறான். மேலே தெளிவாக இருக்கிறது: இரண்டு வருடங்களுக்கு முன்பு. 2023 மார்ச். அப்பாவின் முதல் தெவசம். யாரோ அந்த வரியை வெட்டிவிட்டு வீடியோவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள்.

2023-இல் இந்தப் பெண்ணுக்கு எங்கள் சபை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

யாருடைய கண்டெய்னரோ, அதற்கு ஒரு நாள் வித்தியாசம் என்றால் திருப்பி அனுப்புகிறேன். ஒரு பெண்ணின் பெயர் கெடும் விஷயத்தில் இரண்டு வருடம் வித்தியாசம், பார்க்கவே இல்லை. எனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா? பொய்ச்சாட்சி என்றால் கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொல்வது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை தனேஷ் எடுத்தான்.

"யாரு? சர்ச் ஆன்டியா?"

மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். விடவில்லை. அவன் பேக்டரியில் கூட வேலை செய்பவரின் மனைவி ஜெஞ்சாரோமில் ஒரு சபைக்குப் போகிறாராம். அவர் மூலம் என் வரிகள் அவன் போனுக்கே வந்துவிட்டன. கீழே நான் போடாத அந்த வீடியோவையும் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

"எங்கப்பா தெவசம் ஒங்களுக்குப் பிசாசு கண்ணியா ஆன்டி? நாங்க ஒங்க சாமிய எப்பயாச்சும் அப்படி சொல்லியிருக்கோமா? தங்கச்சி அங்க வரேன்னப்ப, போய்ட்டு வா, நல்லாருன்னுதானே சொன்னோம். எங்கம்மா அத படிச்சிட்டு ரெண்டு நாளா சாப்பிடல."

அவனே வைத்துவிட்டான். ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து மிச்ச பேப்பர்களைப் பார்த்தேன்.

மார்ச் 12, புதன்

காலையிலேயே குரூப்பில் போட்டுவிட்டேன், யாரையும் கேட்காமல்: "ஆறாம் தேதி அனுப்பிய குறிப்பு தவறு. அந்த வீடியோ இரண்டு வருடம் பழையது. சகோதரி இப்போது அப்படிப்பட்ட சடங்குகளில் பங்கெடுப்பதில்லை. மன்னிக்கவும். – ரோஸ்லின்."

இப்போது மாலை ஆகிவிட்டது. நான்கு கட்டைவிரல் பொம்மை மட்டும். அதில் ஒன்று ஷாமினி, இன்னொன்று என் வீட்டுக்காரர் ஜீவன். கட்டைவிரலைத் தூக்கிவிட்டு எதிரே உட்கார்ந்து, "பாத்தியா, நான் போட்டுட்டேன்" என்கிறார்!

பொய்க்கு எழுபத்தொன்று, திருத்தத்துக்கு நான்கு. அந்த நான்கிலும் இரண்டு என் வீட்டு ஆள்.

இதற்கிடையில் செந்தூலில் இருக்கும் என் அண்ணி எனக்கே ஒரு மெசேஜ் அனுப்புகிறார்: "கிள்ளானில் ஞானஸ்நானம் எடுக்க இருந்த ஒரு சகோதரி செய்வினையில் மாட்டிக்கொண்டார், ஜெபியுங்கள்." பாதி வரி என்னுடையது. "பாரத்தோடு" அப்படியே இருக்கிறது. செய்வினையை யார் சேர்த்தார்களோ. ஆறு நாளில் கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோமும் செந்தூலும் சுற்றிவிட்டு என் போனுக்கே திரும்பி வந்திருக்கிறது.

மேபல் ஆன்டிக்குப் போன் பண்ணிக் கத்தினேன். கத்தத்தான் செய்தேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "ஜெபிக்கத்தானே சொன்னோம் ரோஸ்லின்? ஜெபிச்சா யாருக்கு என்ன கெடுதல் லா?" போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

"அக்கா, லஞ்ச் டைம்ல கிளினிக் பக்கம் வர முடியுமா?" விஷ்ணுப்ரியாவே மெசேஜ் போட்டாள். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு மேருவுக்கு ஓடினேன். கிளினிக்குக்கு இரண்டு கடை தள்ளி ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. சோறு வாங்கவில்லை. ஆளுக்கொரு லைம் ஜூஸ்.

நான் நினைத்தது என்னவென்றால், என் திருத்தத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறாள், தேங்க்ஸ் சொல்லப்போகிறாள் என்று. கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா எனக்கு?

"அக்கா, நீங்க நேத்து போட்டதும் பொய்" என்றாள்.

எது பொய் என்றேன்.

"வீடியோ பழசு, அது கரெக்ட். ஆனா இந்த வருஷமும் தெவசத்துல நான் இருந்தேன். சூடம் காட்டல. அது வேணாம்னு அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டாரு. ஆனா வாழைக்கா வெட்டுனேன். வடை சுட்டேன். அம்மா அழுறப்ப பக்கத்துலயே நின்னேன். அடுத்த வருஷமும் நிப்பேன். அவரு எங்கப்பா, அக்கா."

"எனக்குத் தெரியாதும்மா…"

"கேக்கலையே நீங்க. மொத தடவையும் கேக்கல, ரெண்டாவது தடவையும் கேக்கல. இப்ப நான் வடை சுட்டது யாருக்காவது தெரிஞ்சா, நான் பொய் சொல்லி ஏமாத்துனேன்னுதானே பேசுவாங்க? நான் பொய் சொல்லலையே. நீங்க சொன்னீங்க."

கத்தவில்லை. அழவும் இல்லை. கிளினிக்கில் பயந்த பேஷன்ட்டிடம் பேசுகிற குரலிலேயே இருந்தாள். அண்ணன்காரன் திட்டியதே மேல் என்று ஆகிவிட்டது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, பார்க்காததை இன்னொரு தடவை பார்த்ததுபோல எழுதிவிட்டேன். முதல் பொய் அவளைக் கெட்டவளாக்கியது. இரண்டாவது அவளை நல்லவளாக்கியது. இரண்டிலும் நிஜமான அவள் இல்லை.

"ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுக்க ஆசையா இருந்தேன்க்கா" என்று மட்டும் எழுந்து போகும்போது சொன்னாள். ஈஸ்டருக்கு அவளைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது பாஸ்டர் என்று சொல்ல வந்தேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

பாஸ்டரிடம் என் தப்புகள் எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தத்தின் பின்பாதி தவறு என்பதையும், அவள் வடை சுட்டதை மட்டும் சொல்லாமல். சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றேன்.

"ஆறிட்டு வருது சிஸ்டர். திரும்பக் கிளற வேணாம். சமாதானம் முக்கியம்."

யாருக்குச் சமாதானம்? அவள் உட்காரும் இடம் இன்றும் காலியாகத்தான் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

அவளுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன், முதல்முறையாக: ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சாட்சி சொல்லும் நேரத்தில் என் தப்பைச் சொல்லட்டுமா?

பதில்: "ஒங்க தப்ப சொல்றதுக்கு என்னைய ஏன் கேக்கறீங்க? என்னைய பத்தி மட்டும் ஒன்னும் சொல்லாதீங்க."

மார்ச் 23, ஞாயிறு

சாட்சி நேரத்தில் எங்கள் சபையில் எழுந்து நிற்பவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். ஒருவர் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததென்றார். ஒருவர் மழையில் கார் நின்றபோது உதவி வந்ததென்றார். பிறகு நான் மைக்கை வாங்கினேன்.

"ஆறாம் தேதி நான் அனுப்பினது பொய். விசாரிக்காம அனுப்பினேன். பன்னிரண்டாம் தேதி அனுப்பின திருத்தமும் சரியில்ல, அதையும் விசாரிக்காம எழுதினேன். பெயர் போடலன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். அந்த ரெண்டையும் அழிச்சிடுங்க. யாருக்கு அனுப்பினீங்களோ அவங்ககிட்டயும் பொய்ன்னு சொல்லிடுங்க."

கடைசி வரியில் கீபோர்டு இசை மெதுவாகத் தொடங்கிவிட்டது. யார் கண்ணைக் காட்டினார்களோ. நான் முடிப்பதற்குள் சபை பாட ஆரம்பித்தது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன், பாட்டு முடியும்வரை.

வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். "என்ன தாழ்மை சிஸ்டர்!" "வல்லமையான சாட்சி!" ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. நான் சாட்சியா சொன்னேன்? தப்பை ஒத்துக்கிட்டேன்! அதைக்கூட எனக்குப் பாராட்டாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர் கேட்டதுதான் உச்சம்: "அப்ப அந்தப் பொண்ணு செஞ்சாளா இல்லையா?"

ஒருத்தர்கூட அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

பாஸ்டர் போன் பண்ணினார். "களைச்சிப் போயிருக்கீங்க சிஸ்டர். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க." ஜெபச் சங்கிலி இனி மேபல் ஆன்டி கையில்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஹரிராயா பெருநாள் லீவு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தனேஷுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலில் அதில் பாதி என் பக்க நியாயமாக இருந்தது. சாயங்காலம் நான்கே வரியில் திரும்ப எழுதித் தபாலில் போட எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

தம்புசாமி அங்கிளும் குருவும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அங்கிள் தண்ணீரில் இறங்கும்போது குளிரில் "அம்மாடி" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

குரூப்பில் மேபல் ஆன்டி: "மூன்றாவது ஆத்துமாவுக்காகத் தொடர்ந்து ஜெபிப்போம்." ஐம்பத்தெட்டு ஆமென்.

மே 18, ஞாயிறு

விஷ்ணுப்ரியாவிடமிருந்து மெசேஜ். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

"அக்கா, நான் இப்ப கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு சின்ன சபைக்குப் போறேன். தெவசம், வடை எல்லாத்தயும் அங்க பாஸ்டர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். அவரு எங்கம்மாவயும் கூப்ட்டு வெச்சு பேசுனாரு. ஜூன் ஒன்னாம் தேதி ஞானஸ்நானம். அம்மா வராங்க. நீங்களும் வரணும்னா வாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. கேட்டா தெரியாதுன்னுடுங்க."

நான்கைந்து தடவை படித்தேன். பதில் எழுத நேரமாயிற்று: "கண்டிப்பா வரேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா தெரியாதுன்னு சொல்ல முடியாதும்மா, அது பொய். சொல்ல மாட்டேன்னு சொல்லிக்கிறேன்."

"ஓகே லா அக்கா" என்று வந்தது. ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

மே 25, ஞாயிறு

மேபல் ஆன்டி படிக்கட்டில் மடக்கினார். "அந்தப் பொண்ணு எங்க ரோஸ்லின்? ஒனக்குத் தெரியுமாமே?"

"தெரியும் ஆன்டி. சொல்ல மாட்டேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஏழு மணிக்குக் குரூப்பில் வந்தது: "ஒரு சகோதரி முழுவதுமாகப் பின்வாங்கிப் போய்விட்டார். சிலர் அதை மறைக்கிறார்கள். பாரத்தோடு ஜெபிப்போம்."

ஆமென், ஆமென், ஆமென். என் கையில் ஒரே ஒரு வரி இருக்கிறது. ஜூன் ஒன்று, பிரிக்பீல்ட்ஸ், ஞானஸ்நானம். அதைப் போட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும். டைப் அடித்தேன். கர்த்தாவே, எவ்வளவு ஆசையாக இருந்தது! ஆனால் அது என் வரி இல்லையே. அழித்துவிட்டு வேறொன்று போட்டேன்: "இது விசாரிக்காத செய்தி. இதை நான் ஜெபக் குறிப்பாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்."

இருபது நிமிடத்தில் என்னைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் ஆரம்பித்த குரூப். ஷாமினி, "மா, ஃப்ரீ ஆயிட்டீங்க" என்றாள். அவளுக்கு விளையாட்டு. எனக்கு அது ஆறு வருடம்.

ஜூன் 1, ஞாயிறு

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். கடைவீட்டு மாடியில் சபை. நாற்பது நாற்காலி இருக்கும். பின்வரிசையில் வெளிர்நீலச் சேலையில் ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார், நெற்றி நிறைய விபூதி. யாரென்று கேட்கத் தேவையில்லை. பக்கத்தில் போய், "நான்தாம்மா ரோஸ்லின். அந்த மெசேஜ் எழுதுனவ" என்றேன்.

விஷ்ணுப்ரியாவின் அம்மா வீரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "லெட்டர் வந்துச்சு. மவன் படிச்சுக் காட்டுனான்." அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார்.

விஷ்ணுப்ரியா வெள்ளை உடுப்பில் தொட்டியில் இறங்கினாள். முங்கி எழுந்தபோது அவள் முதலில் தேடியது அம்மாவைத்தான். அந்த அம்மா எழுந்து நின்று கைகூப்பினார், கோயிலில் கும்பிடுவதுபோல. அங்கே ஒருவரும் திரும்பி ஒரு மாதிரி பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. இதை எங்கள் சபையிலேயே பார்த்திருக்கலாம். நான் கெடுத்தேன்.

"எனக்கு இதுல படம் புடிக்கத் தெரியல, ஒன்னு எடுத்துக் குடும்மா" என்று வீரம்மா தன் போனை நீட்டினார். ஒரே ஒரு படம் எடுத்தேன். ஈரத் தலையோடு, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நன்றாக வந்திருந்தது. அவர் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

"இத தனேசுக்கு அனுப்பிடவா? கேட்டுக்கிட்டே இருப்பான்."

அவர் விரல் அனுப்பும் குறிக்குமேல் போயே விட்டது. நான் அவர் கையை மெல்லப் பிடித்தேன்.

"அவளை ஒரு வார்த்த கேட்டுடுவோம்மா."

விஷ்ணுப்ரியா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். வீரம்மா போனைத் தூக்கிக் காட்டிக் கேட்டார். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வேணாம்மா. வீட்டுக்குப் போய் நானே அண்ணன்கிட்ட காட்டிக்கிறேன்."

"சரி" என்று அந்த அம்மா போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.